குப்பியார் வீட்டு லைன்

தொலைபேசி நிலையத்தில் அவரை இயற்பெயர் சொல்லி அழைத்தது வருகைப் பதிவேடு ஒன்றுதான். மற்ற எல்லோருக்கும் அவர் குப்பியார். புதிதாக மாற்றலாகி வந்த ஓர் அதிகாரி இந்தப் பெயரைக் கேட்டுவிட்டு, “அந்த ஆள் டியூட்டியிலே குடிப்பாரா?” என்று தனியாக விசாரித்தாராம். குப்பியார் ஆயுளில் ஒரு சொட்டுக் குடித்தவர் இல்லை. அவர் குப்பி வேறு.

ஊரிலுள்ள வீடுகளிலிருந்தும் கடைகளிலிருந்தும் வருகிற அத்தனை தொலைபேசிக் கம்பிகளும் நிலையத்துக்குள் நுழைகிற முதல் அறையில் ஓர் இரும்புச் சட்டம் நிற்கும். அறையின் நீளம் முழுக்க, ஏணி போட்டு ஏற வேண்டிய உயரம். ஒரு பக்கம் தெருவிலிருந்து வரும் கம்பிகள், மறுபக்கம் உள்ளே இயந்திரத்துக்குப் போகும் கம்பிகள். நடுவில் லைனுக்கு ஒன்றாக வரிசை வரிசையாகச் செருகிகள். ஒவ்வொரு செருகிக்குள்ளும் சுண்டுவிரல் நுனி அளவில், உலோகக் கால்கள் வைத்த ஒரு பீங்கான் உருளை. அதற்குள் துளி வாயு. அதைத்தான் நிலையத்தில் குப்பி என்பார்கள்.

சாதாரண நாட்களில் அது ஒன்றும் செய்யாது. பேச்சு தன் பாட்டுக்கு அதைக் கடந்து போய்க்கொண்டிருக்கும். எங்கோ மின்னல் விழுந்து கம்பியில் ஆயிரக்கணக்கான வோல்ட் பாய்ந்து வரும்போதுதான் அதற்கு வேலை. கண்ணிமைக்கும் நேரத்தில், இல்லை, அதற்கும் முன்னால், உள்ளே இருக்கும் வாயு வழி திறந்துவிடும். வந்த வேகமெல்லாம் அப்படியே பூமிக்குள் இறங்கிவிடும். ஆபத்து போனதும் குப்பி பழையபடி மூடிக்கொள்ளும். அடி தாங்க முடியாத அளவுக்கு விழுந்தால் மட்டும் மூடிக்கொள்ளாமல் அப்படியே ஒட்டிக்கொண்டு, ‘ஷார்ட்’ ஆகிச் செத்துப்போகும். இயந்திரம் பிழைத்துக்கொள்ளும். ஆனால் புதுக் குப்பி போடும் வரை அந்த லைனும் செத்த லைன்தான். வீட்டில் இருப்பவர் ரிசீவரை எடுத்தால் கல்லைக் காதில் வைத்த மாதிரி இருக்கும். வெளியிலிருந்து கூப்பிடுகிறவருக்கு மட்டும், அந்த வீட்டில் யாரோ ஓயாமல் பேசிக்கொண்டிருப்பதுபோல, பிஸி சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும்.

இடி இடித்த மறுநாள் குப்பியார் மீட்டரும் கையுமாக ஏணியில் இருப்பார். செத்ததைப் பிடுங்கிப் புதிதைச் செருகுவார். பிடுங்கியதை வீசியெறிவதில்லை. ஒரு காகிதத் துண்டில் லைன் எண்ணையும் தேதியையும் எழுதி, அதைக் குப்பியைச் சுற்றிச் சுருட்டி ரப்பர் வளையம் போட்டு வைக்க வேண்டும். பழசைக் காட்டினால்தான் கிடங்கில் புதுசு கொடுப்பார்கள். “செத்ததுக்கெல்லாம் பிறந்த நாள் எழுதற ஒரே ஆபீஸ் இதுதான்,” என்பார் ஃப்ரேம் அக்கா. அந்த இரும்புச் சட்டத்துக்குப் பொறுப்பாளர் அவர். குப்பியாரைவிட இரண்டு வயது மூத்தவர். வாயைத் திறந்தால் யாரையாவது வாராமல் மூடமாட்டார்.

குப்பியாருக்கு ஒரு தம்பி. பதினொரு வயது இளையவன். வீட்டில் அவனுக்குச் சின்னவன் என்று பெயர். அப்பா அம்மா அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்த பிறகு அவனை வளர்த்தது குப்பியார். குப்பியார் கல்யாணம் செய்துகொண்ட பிறகு வளர்த்தது அண்ணி. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவன் முதலில் தேடுவது அண்ணியைத்தான். சட்டைப் பொத்தானைப் பிய்த்துக்கொண்டு வருவான், அவள் தைத்துக் கொடுப்பாள், மறுநாளும் பிய்த்துக்கொண்டு வருவான். “பொத்தான் கம்பெனிக்காரன் உனக்கு ஏதாவது தர்றானாடா?” என்று கேட்டுக்கொண்டே ஊசியில் நூல் கோப்பாள். அவர்களுக்குக் குழந்தை இல்லை. அது ஒரு குறையாகத் தெரியாமல் பார்த்துக்கொண்டவன் சின்னவன்.

வளர்ந்ததும் தம்பியை நிலையத்திலேயே தற்காலிக வேலைக்குச் சேர்த்துவிட்டார் குப்பியார். ஏழு மாதம் அண்ணன் ஏறிய ஏணியைக் கீழே பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டான். கப்பலில் மின்வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று விண்ணப்பம் போட்டிருக்கிறான். வீட்டுப் பெரியவர் சம்மதக் கையெழுத்து என்ற இடத்தில் அண்ணன் கையெழுத்தைத் தானே போட்டிருக்கிறான். இது குப்பியாருக்குத் தெரிய வந்தது தேநீர்க் கடையில், மூன்றாம் மனிதர் வாயால். அதுதான் அவருக்கு ஆறவில்லை.

“கேட்டிருந்தா விட்டிருக்க மாட்டேனாடா?”

“விட்டிருக்க மாட்டீங்க,” என்றான் தம்பி. உண்மையும் அதுதான்.

“அப்படின்னா போயிட்டே இரு. இந்த வாசப்படி உனக்கு இனிமே இல்லை.”

பையை எடுத்துக்கொண்டு நண்பன் அறைக்குப் போய்விட்டான். மூன்று வாரம் எந்தத் தகவலும் இல்லை. பிறகு ஒரு புதன்கிழமை, அண்ணி காய்கறி வாங்கிக்கொண்டு வரும் வழியில் நின்றிருந்தான்.

“அண்ணி, சனிக்கிழமை ராத்திரி கப்பல் கிளம்புது. ஏழு மணியிலேருந்து எட்டு மணி வரைக்கும் துறைமுகத்துல போன் பக்கத்துலயே நிப்பேன். வீட்டுக்குக் கூப்பிட்டுட்டே இருப்பேன். அண்ணன் எடுத்து ‘வா’ன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், பையைத் தூக்கிட்டு வந்துடறேன்.”

“நேர்ல வந்து நில்லேன்டா.”

“வாசப்படி இல்லைன்னுட்டாரே.” கொஞ்சம் சிரித்தான். “ரிசீவரை மட்டும் எடுத்துக் கீழே வைக்காம பார்த்துக்கோங்க.”

அவன் அப்படிச் சொன்னதற்குக் காரணம் உண்டு. கோபம் வந்தால் குப்பியார் கத்தமாட்டார், சாமானை உடைக்கமாட்டார். யாரிடம் கோபமோ அவர் கூப்பிட முடியாதபடி ரிசீவரை எடுத்துப் பக்கத்தில் படுக்க வைத்துவிடுவார். ஊர் முழுக்க லைன் சரி செய்கிற மனிதர் தன் வீட்டு லைனைத் தானே அடைத்து வைப்பார். கூப்பிட்டுப் பார்க்கிறவருக்குப் பிஸி சத்தம் கேட்கும், விஷயம் புரிந்துவிடும். “எல்லாரும் கோபம் வந்தா மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்குவாங்க. உன் வீட்டுக்காரர் ரிசீவரைத் தூக்கி வெச்சுக்கறார்,” என்று மனைவியின் அக்கா சொல்லிச் சிரிப்பது வழக்கம்.

மனைவி வந்து சொன்னபோது அவர் செய்தித்தாளிலிருந்து தலையை எடுக்கவில்லை. ஆனால் வியாழக்கிழமை நிலையத்தில் யாரும் பார்க்காத நேரத்தில் தன் வீட்டு லைனின் பழைய குப்பியை எடுத்துவிட்டு, புதிய பெட்டியிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுத்து, மீட்டரில் இரண்டு முறை சோதித்துச் செருகினார். சனிக்கிழமை அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்தார். பதினாறு வருட வேலையில் அவர் கேட்ட முதல் அரைநாள். “என்ன குப்பியார், பொண்ணு பாக்கப் போறீங்களா?” என்றார் ஃப்ரேம் அக்கா.

சனிக்கிழமை ஐந்தரைக்கு வானம் இருட்டிக்கொண்டு வந்தது. அரை மணி நேரம் இடியும் மின்னலும் ஊரைப் புரட்டிப் போட்டன. ஆறு மணிக்கெல்லாம் ஒன்றுமே நடக்காததுபோல வெளுத்துவிட்டது. ஜன்னலுக்கும் அலமாரிக்கும் இடையில் ஒரு முக்காலியின்மேல் தொலைபேசி இருந்தது. பக்கத்து நாற்காலியில் மனைவி உட்கார்ந்து, சின்னவன் விட்டுப் போன நீலச் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். எதிரே கட்டிலில் குப்பியார். என்ன சொல்லப் போகிறார் என்று அவள் கேட்கவில்லை. அவர் குளித்து, தலை சீவி, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்ததே அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

ஏழு அடித்தது. ஏழேகால் ஆயிற்று.

“இடி இடிச்சிருக்கே,” என்றாள். “ஒரு தடவை எடுத்துப் பார்க்கட்டுமா?”

“தொடாதே. நீ எடுத்துப் பார்க்கற நேரம் அவன் கூப்பிட்டா பிஸின்னு வரும். நான்தான் எடுத்து வெச்சுட்டேன்னு நினைச்சுக்குவான்.”

ஏழரைக்கு மறுபடி கேட்டாள். “ஒரு நொடிதான். சத்தம் வருதான்னு மட்டும் பார்த்துட்டு வெச்சுடறேன்.”

“புதுக் குப்பி போட்டிருக்கேன். லைனுக்கு ஒண்ணும் ஆகாது. நான் சொல்றேன்ல.”

எட்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அவள் கை தானாக நீண்டது. அவர் பார்த்த பார்வையில் மடங்கிக்கொண்டது. மூன்றாவது தடவை அவள் வாயால் கேட்கவில்லை.

எட்டு அடித்தது. ஒன்பது அடித்தது. பத்து மணிக்கு அவள் ஊசியை நூல்கண்டில் குத்திவைத்துவிட்டு, சட்டையை மடித்தாள்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு, நிலையத்துக்குக் கிளம்புமுன் குப்பியார் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தார். டயல் சத்தம் கணீரென்று கேட்டது. ரிசீவரை மனைவி பக்கம் நீட்டினார்.

“கேட்டுக்கோ. லைன் நல்லாத்தான் இருக்கு. அவன்தான் கூப்பிடலை.”

அவளும் வாங்கிக் கேட்டாள். பழையபடி வைத்தாள். அதற்குமேல் அந்த வீட்டில் அதைப் பற்றிப் பேச்சு இல்லை.

அதன் பிறகு பதினைந்து வருடம் இருவரும் அந்த வீட்டில் இருந்தார்கள். சொந்தக்காரர் ஒருவர் எங்கோ ஒரு துறைமுக ஊரில் சின்னவனைப் பார்த்ததாக வந்து சொன்னார். கப்பல் வேலையை விட்டுவிட்டானாம், அங்கேயே கடை வைத்துக் குடும்பமும் ஆகிவிட்டதாம். அண்ணன் பேச்சை எடுத்தபோது, “அவர் பேசமாட்டார்,” என்று மட்டும் சொன்னானாம். எண் கொடுத்துவிட்டுப் போனார். மனைவி அதைத் தன் தொலைபேசி நோட்டில் எழுதிக்கொண்டாள். “ஒரு தடவை கூப்பிடட்டுமா?” என்று கேட்டாள். “கூப்பிடறேன்னு சொன்னவன் அவன்,” என்றார் குப்பியார். அவள் கேட்பதை விட்டுவிட்டாள். ஆனால் அந்த நாற்காலியை மட்டும் முக்காலிக்குப் பக்கத்திலிருந்து நகர்த்தவே இல்லை. கீரை ஆய்வதும் அங்கேதான், பத்திரிகை படிப்பதும் அங்கேதான். மணி அடித்தால் இரண்டாவது அடிக்குள் எடுத்துவிடுவாள். எடுத்து, “ஹலோ” சொல்வதற்கு முன்னால் ஒரு மூச்சு நிற்கும். அந்த மூச்சு குப்பியாருக்குக் கட்டிலிலிருந்தே கேட்கும்.

நான்கு வருடங்களுக்கு முன்னால் அவள் போய்விட்டாள். மூன்று வார ஆஸ்பத்திரி வாசம், அவ்வளவுதான். தம்பிக்குச் சொல்லி அனுப்பலாமா என்று மனைவியின் அக்கா கேட்டபோது, “அன்னைக்கு ஒரு போன் பண்ணத் தோணாதவனுக்கு இன்னைக்கு என்ன?” என்று சொல்லிவிட்டார். அந்தச் சொல்லை அவர் பிறகு எத்தனையோ தடவை வாய்க்குள் போட்டு மென்றிருக்கிறார்.

இனி, தகர டப்பா விஷயத்துக்கு வர வேண்டும்.

போன மாதம் ஃப்ரேம் அறைக்குத் தரை போட ஆள் வந்தார்கள். சுவரோரம் இருந்த இரும்பு அலமாரியை நகர்த்தியபோது பின்னால் ஒரு பிஸ்கட் டப்பா விழுந்து கிடந்தது. உள்ளே, காகிதம் சுருட்டிய செத்த குப்பிகள் ஐம்பது அறுபது இருக்கும்.

“அட, இது அந்தப் பெரிய இடி,” என்றார் ஃப்ரேம் அக்கா. “அன்னைக்கு நைட் டியூட்டி நான். ஒரே ராத்திரியில நூத்தி அறுபது செத்துது. மாசத்துக்கு நூறுக்கு மேல வாங்கமாட்டேன்னு கிடங்குக்காரன் மூக்கால அழுதான். அடுத்த மாசம் தரலாம்னு எடுத்து வெச்சோம். அடுத்த மாசம் பழசே வேண்டாம்னுட்டாங்க.”

இருவரும் தேநீரை வைத்துக்கொண்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள். வேலைக்கு நடுவில் ஒரு பொழுதுபோக்கு. ரப்பர் வளையங்கள் தொட்டதும் பொடிந்தன. எண்ணைப் பார்த்ததும் இருவருக்கும் வீடு தெரிந்தது.

“இது மருந்துக்கடை. செத்தது மருந்துக்கடை லைனு, கடைக்காரர் கத்துன கத்தல் அடுத்த தெரு வரைக்கும் கேட்டுது.”

“இது யாரு, பல் டாக்டரா?”

“ஆமா. அவர் லைன் செத்தப்பதான் நிறையப் பேருக்குப் பல் வலி நின்னுது,” என்றார் அக்கா.

சிரித்துக்கொண்டே அடுத்ததைப் பிரித்த குப்பியார் அப்படியே இருந்தார். அக்காவின் குண்டுக் கையெழுத்தில் ஆறு இலக்கம். சின்னவன் கப்பல் ஏறியதற்கு மறுநாள் தேதி. கீழே, ‘ஷார்ட், இரண்டு காலும், காலை 5.10’.

“யார் வீடு?” என்று எட்டிப் பார்த்தார் அக்கா. எண் அவருக்குப் புரிய ஒரு நொடி ஆயிற்று. “உங்க வீடா? எனக்குத் தெரியாதே. நம்பரைப் பார்த்தா பிடுங்கினேன், யார் எவர்னு எங்க பார்த்தேன்... ஏன், என்ன ஆச்சு?”

குப்பியார் எழுந்து மீட்டரை எடுத்து வந்தார். அதன் இரண்டு முனைகளையும் அந்தக் குப்பியின் கால்களில் வைத்தார். மீட்டர் கீச்சென்று கத்தியது. பத்தொன்பது வருடம் கழித்தும் ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. அன்று இடி இடித்தது ஐந்தரையிலிருந்து ஆறு வரை மட்டுமே. ஆக, ஏழு மணிக்கு அது செத்திருந்தது. எட்டு மணிக்கும் செத்திருந்தது. காலை எட்டு மணிக்கு அவர் மனைவியின் பக்கம் நீட்டிய அந்தக் கணீர்ச் சத்தம் அக்கா போட்ட புதுக் குப்பியின் சத்தம். ஒருமுறை, ஒரே ஒருமுறை ரிசீவரை எடுத்திருந்தால் ஒன்றும் கேட்காமல் இருந்ததே எல்லாவற்றையும் சொல்லியிருக்கும். ஓட்டமாக ஓடினால் நிலையம் ஏழு நிமிடம். குப்பி மாற்ற அரை நிமிடம்.

“உங்க மேல ஒண்ணும் இல்லை அக்கா,” என்றார். “நீங்க சரியாத்தான் செஞ்சீங்க.”

“வாரினது போதும்னா சொல்லிடுங்க. மூஞ்சியைப் பார்க்கவே பயமா இருக்கு,” என்றார் அக்கா.

அந்தக் குப்பியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பதினொரு நாள் அலைந்தார். அவருக்கு யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்தது. யாரிடம் முதலில் சொல்ல வேண்டுமோ அவள் இல்லை. நீ கேட்டாய், நான் விடவில்லை, நீ கேட்டதுதான் சரி. கட்டிலில் உட்கார்ந்து எதிரே இருந்த நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் சமையலறையில் தட்டுக் கழுவும்போது வாய்விட்டே சொல்லிப் பார்த்தார். குழாய்ச் சத்தத்தில் அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. பகல் சாப்பாட்டுக்குப் பிறகு மனைவியின் தொலைபேசி நோட்டை எடுத்தார். ‘சின்னவன்’ என்று எழுதி எண். பக்கத்தில், முன்னே சேர்க்க வேண்டிய குறியீட்டு எண்ணும் வேறு மையில், சுற்றி வட்டம் போட்டு. விசாரித்து எழுதி வைத்திருக்கிறாள். ஒருபோதும் அழைத்ததில்லை. அவர் சொல்லை மீறாதவள். மீறியிருக்கலாமே என்று அவருக்கு அவள் மேல்கூட ஒரு கணம் கோபம் வந்தது.

ரிசீவரை எடுத்தார். சத்தம் வருகிறதா என்று கேட்டார். இன்னும் கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு எண்களை ஒவ்வொன்றாக அழுத்தினார்.

ஐந்தாவது மணியில் எடுத்தார்கள்.

“ஹலோ, யாரு?”

குரல் தடித்திருந்தது. அப்பாவின் குரல் போல இருந்தது.

“நான்தான்டா.”

பின்னால் பாத்திரச் சத்தமும் யாரோ பேசுவதும் கேட்டன.

“வெச்சுடாதே. ஒரே ஒரு விஷயம் சொல்லணும். அன்னைக்கு நான் ரிசீவரை எடுத்துக் கீழே வைக்கலை.”

எங்கோ ஒரு கதவு சாத்தப்பட்டது. பின்னால் கேட்டுக்கொண்டிருந்த வீட்டுச் சத்தங்கள் நின்றன.

“பிஸியா இருந்துச்சுண்ணே,” என்றான் தம்பி. “ஒரு மணி நேரமும் பிஸியா இருந்துச்சு. எனக்குப் பின்னாடி வரிசையில நின்ன ஆள், ‘உங்க வீட்ல யாருய்யா அது, இவ்வளவு பேசறது’ன்னு கேட்டான். எங்க அண்ணன் பேசமாட்டாரு, அதான் பிஸின்னு சொன்னேன். அவனுக்குப் புரியலை.”

“குப்பி போயிருந்துச்சுடா.”

ஏழு மாதம் ஏணி பிடித்தவனுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

“ஷார்ட்டா?”

“ஷார்ட்டு.”

“ரெண்டு காலுமா?”

“ரெண்டும். இப்பதான் தெரியும். என் கையிலேயே இருக்கு.”

“நீங்க எடுத்துப் பார்க்கலையா?”

“பார்க்கலை. எடுத்தா அந்த நேரம் உனக்குப் பிஸின்னு கேக்குமேன்னு இருந்துட்டேன்.”

தம்பியிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா, இருமலா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

“அண்ணி சொல்லியிருப்பாங்களே, எடுத்துப் பாருங்கன்னு.”

“சொன்னா.”

“சொல்லியிருப்பாங்க. எனக்குத் தெரியும்.” மூக்கை உறிஞ்சினான். “நீங்க என்ன சொல்லியிருந்திருப்பீங்க அன்னைக்கு?”

“சலவைச் சட்டை போட்டுட்டு உக்காந்திருந்தேன்டா. வேற என்ன சொல்லுவேன்?”

அதற்குப் பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை. ஆனால் செத்த லைனின் அமைதி எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். இது அது இல்லை. மெல்லிய இரைச்சல் இருந்தது, அதற்குள் மூச்சு இருந்தது.

“அண்ணியைக் கூப்பிடுங்கண்ணே,” என்றான். “அவங்ககிட்ட பேசணும்.”

குப்பியாரின் கண் நாற்காலிக்குப் போயிற்று. இதற்கு முன்னால் என்றால் ரிசீவரை அப்படியே கை நீட்டிக் கொடுத்திருக்கலாம். எழுந்திருக்கக்கூட வேண்டாம்.

“அவ இல்லடா,” என்றார். “நாலு வருஷம் ஆகுது. உனக்குச் சொல்லி அனுப்பலை. வேண்டாம்னு நான்தான் சொன்னேன்.”

அவன் வைத்துவிடுவான் என்றுதான் நினைத்தார். வைத்தாலும் நியாயம்தான் என்று காத்திருந்தார். அந்தப் பக்கம் அவன் அழுதான். சின்ன வயதில் அழுவது போலவே வாயை மூடிக்கொண்டு அழுதான். இவர் ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அவள் நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

“வைக்கட்டுமாடா?” என்று ஒருமுறை கேட்டார்.

“வைக்காதீங்க.”

ஜன்னல் வெயில் முக்காலியிலிருந்து இறங்கித் தரையில் நகர்ந்தது.

“அண்ணே,” என்றான் கடைசியில். “நான் அங்க நின்னு கூப்பிட்டுட்டே இருந்தேனே, அப்ப அண்ணி என்ன பண்ணிட்டிருந்தாங்க?”

“உன் நீலச் சட்டைக்குப் பொத்தான் தெச்சிட்டிருந்தா,” என்றார் குப்பியார். “அலமாரியில இருக்கு. வந்து எடுத்துக்கோ. வா.”